உங்கள் வீட்டில் இன்று என்ன பாட்டு?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா மேடையில் நிற்பவர்கள் படிப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நானும் சென்ற ஆண்டு அப்படித்தான் பேசினேன். இன்று கொஞ்சம் வழக்கத்தை மீறப் போகிறேன். பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். "படிக்கிற பிள்ளைக்குப் பாட்டு எதுக்கு டீச்சர்?" என்று பின்வரிசையில் யாரோ நினைப்பது எனக்குத் தெரிகிறது. வள்ளுவர் கல்வி, கல்லாமை என்று இரண்டு அதிகாரங்களை எழுதிவிட்டு, அடுத்ததாக எதற்கு அதிகாரம் எழுதினார் தெரியுமா? கேள்விக்கு! அதாவது, காது கொடுத்துக் கேட்பதற்கு. அவர் சொன்னது அறிவுடையோர் சொல்லைக் கேட்பதை. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். கேட்கப் பழகாத காதுக்குள் பாடமும் போகாது, அறிவுரையும் போகாது. அந்தக் காதைப் பழக்குவதற்குப் பாட்டைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நிற்க. இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது என் தவறு பற்றிய கதை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். "வீட்டில் உள்ளவர்கள் இந்த வாரம் என்ன பாட்டுக் கேட்டார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள்" என்பதுதான் பாடம். கட்டுரைப் பயிற்சிக்காகக் கொடுத்தது. மறுநாள் மேசைமேல் குவிந்த நோட்டுப் புத்தகங்களைத் திறந்தால், அடேயப்பா, ஒரு வானொலி நிலையமே உள்ளே இருந்தது!

ஒரு பெண், "அப்பா லாரி ஓட்டும்போது நாகூர் ஹனிபா கேட்பார், நாங்கள் இந்துக்கள், ஆனாலும் கேட்பார்" என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி, "அம்மா துணி மடிக்கும்போது மின்னல் எஃப்எம்மில் பழைய பாட்டுக் கேட்பாள், சில பாட்டுக்கு அழுவாள், கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்" என்று எழுதியிருந்தாள். ஒரு பையனின் அண்ணன் ராப் கேட்கிறான். அக்காள் கொரியாப் பாட்டுக் கேட்கிறாள். பக்கத்து லயத்தில் குடியிருக்கும் வங்காளதேசத் தொழிலாளி இரவில் தன் ஊர்ப் பாட்டைப் பாடுவதையும், அது புரியாவிட்டாலும் நன்றாக இருப்பதையும் ஒருவன் எழுதியிருந்தான். பாட்டி தாத்தாவைக் கேட்டவர்களுக்கு மட்டும் ஏறக்குறைய ஒரே பதில்தான் கிடைத்திருந்தது: "நமக்கென்னப்பா பாட்டு!"

கடைசியாக ஒரு நோட்டு. அதில் ஒரே வரி. "எங்கள் வீட்டில் உறுமி. நான் அடிப்பேன், அப்பா கேட்பார்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்பு மையை எடுத்து, "இது மேளம். பாட்டைப் பற்றி எழுதுக" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பையனின் தந்தை பள்ளிக்கு வந்தார். செம்பனைக் குலை வெட்டுகிறவர். வேலைச் சட்டையோடு வாசலிலேயே நின்றார். கோபமாக வரவில்லை. கோபித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. "டீச்சர், பையன் உறுமியைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டான். கேட்டா, அது பாட்டு இல்லைன்னு டீச்சர் சொல்லிட்டாங்கன்னு சொல்றான். நாங்க படிக்காதவங்க. எனக்கும் தெரிஞ்சுக்கணும். அப்ப எதுதான் டீச்சர் பாட்டு?"

எனக்குப் பதில் வரவில்லை. பயிற்சிக் கல்லூரியில் இசைப் பாடம் படித்தவள் நான். ரெக்கார்டர் குழல் ஊதக் கற்றுக்கொடுப்பவள். "எது பாட்டு?" என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு நான் இரண்டு ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்த பதில்தான் இன்றைய என் பேச்சு. அவரும் இங்கே அமர்ந்திருக்கிறார் என்று நம்புகிறேன்.

பதிலைத் தேடி நான் முதலில் போனது புத்தகத்திற்கு அல்ல, என் சொந்த ஊருக்கு. நான் ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். கடல் தாண்டி இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கு வேலைக்கு வருகிறேன். சிறு வயதில் நடந்த அதே சாலையில் ஒரு சனிக்கிழமை காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நடந்தேன். நீங்களும் ஒருநாள் பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கி, சீனர்களின் கருணைத் தேவி கோயிலைக் கடந்து, 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலை ஒட்டி நடந்து, 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வரை போனால், ஏறக்குறைய ஒரே சாலையில் மணியோசை, சேகண்டி, நாகசுரம், பாங்கு எல்லாம் காதில் விழும். அங்கிருந்து மார்க்கெட் வீதிப் பக்கம் திரும்பினால் கடைக்குக் கடை ஒலிபெருக்கி. ஒரு கடையில் இளையராஜா, அடுத்த கடையில் முருகன் பாட்டு, எதிர்க்கடையில் நேற்று வந்த படத்தின் பாட்டு. இது நம் ஊரின் காது. இந்தக் காதில் வளர்ந்தவர்கள் சும்மா இருப்பார்களா?

இருக்கவில்லை. 1870களில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தன. இந்துஸ்தானிப் பாட்டும் பளபளப்பான உடையும் கொண்ட அந்த நாடகத்தைப் பார்த்த நம் ஊர்க்காரர்கள் அதையே மலாய் மொழியில் போட்டார்கள். மாமாக் புஷி என்பவர் 1885இல் இங்கே ஒரு குழுவை அமைத்தார். அப்படிப் பிறந்ததுதான் பங்சாவான் நாடகம். இன்று அது மலாய்க்காரர்களின் மரபுக் கலை. அதன் தொட்டிலை ஆட்டியவர்களில் இந்தியக் கைகளும் உண்டு.

பி. ரம்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1929இல் இதே பினாங்கில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விழாவில் பாடிக்கொண்டிருந்தபோது பி.எஸ். ராஜ்ஹான்ஸ் என்ற இந்திய இயக்குநர் கேட்டுவிட்டுச் சிங்கப்பூருக்கு அழைத்தார். 1948இல் வந்த முதல் படத்தில் அவருக்கு வில்லன் வேடம். 1950இல் எல். கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி' படத்தில்தான் கதாநாயகனாகி, தன் குரலிலேயே பாடினார். மலாய் அஸ்லியும், இந்திப் பாட்டின் குழைவும், மேற்கத்திய நடன மெட்டும் அவர் கையில் ஒன்றாகக் கலந்தன. 1973இல், 44 வயதில் மறைந்தார். அவர் பிறந்த வீடு இன்றும் ஜார்ஜ் டவுனில் காட்சியகமாக இருக்கிறது. எத்தனை பேர் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போயிருக்கிறோம்?

ரம்லி மலாய்க்காரர், நம் பிள்ளைக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு நம் வீட்டுக் கதை ஒன்றும் சொல்கிறேன். ஆலிகேட்ஸ் இசைக்குழு என்றால் அப்பாமார்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய பெரிய சுருட்டை முடியோடு நின்று பாடுவார்களே, அவர்கள்தான்! அந்தக் குழுவின் குரல்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் பினாங்கில் வளர்ந்த அண்ணன் தம்பிகள். ஆங்கிலப் பாட்டுகளைப் பாடித் தொடங்கினார்கள். 1970களில் ஹாங்காங் வரை போய் விடுதிகளில் பாடிப் பிழைத்தார்கள். பிறகு நாடு திரும்பி மலாய்ப் பாட்டுகளைப் பாடினார்கள். நாடே பாடியது. 2007இல் லோகநாதன் மறைந்தபோது மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேறுபாடு இல்லாமல் வருந்தினார்கள். தமிழ்ப் பெயர் கொண்ட இரண்டு பையன்கள் ஒரு நாட்டையே தங்கள் பாட்டைப் பாட வைத்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அவர்கள் ஒரே ஒரு வகைப் பாட்டோடு காதை மூடிக்கொள்ளாததுதான்.

இன்னும் கேளுங்கள். காலையில் பள்ளித் திடலில் நாம் நெஞ்சு நிமிர்த்திப் பாடுகிறோமே, நெகாராகூ, அதன் மெட்டு 1957க்கு முன்பு பேராக் மாநிலத்தின் பாட்டுக்குரிய மெட்டு. அதே மெட்டு 'தெராங் புலான்' என்ற பெயரில் நிலாக்காலத்துக் காதல் பாட்டாகவும் ஊருக்கு ஊர் பாடப்பட்டு வந்தது. கச்சேரியில் பாடகர் பக்கத்தில் வயலின் இருக்கிறதே, அது நம் நாட்டு வாத்தியமா? இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, வயலினைக் கற்று, நம் இராகங்களுக்கு அதைப் பழக்கினார். அன்றைக்கு யாராவது ஒரு வாத்தியார் சிவப்பு மையால், "இது வெள்ளைக்காரன் பெட்டி, சங்கீதத்தைப் பற்றி எழுதுக" என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆக, எனக்குக் கிடைத்த முதல் விடை இது. எந்தப் பாட்டும் தனியாகப் பிறந்து தனியாக வளரவில்லை. ஒன்று இன்னொன்றைக் கேட்டு வளர்ந்தது. இன்று நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் இசைகளில் பல, ஒரு காலத்தில் யாரோ ஒருவரால் "இதெல்லாம் பாட்டா?" என்று தள்ளப்பட்டவை.

இப்போது உறுமிக்கு வருகிறேன்.

அந்தத் தந்தை வந்து போன மறுநாள் வகுப்பில் பையனிடம், "தம்பி, டீச்சர் எழுதியது தப்பு. உறுமியைக் கொண்டு வந்து எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாயா?" என்று கேட்டேன். அவன் நம்பவில்லை. மூன்று முறை கேட்ட பிறகுதான் கொண்டு வந்தான். இடை சிறுத்த அந்த வாத்தியத்துக்கு இரண்டு முகம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்க வேண்டும். மறு முகத்தை அடிக்கக் கூடாது. வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும். தோல்மேல் குச்சி தேயும்போது எழும் ஒலிதான் உறுமல். "அழுத்தித் தேச்சா அழும் டீச்சர், லேசாத் தேச்சா பேசும்" என்றான். பத்து வயதுப் பையன்! எந்தப் பயிற்சிக் கல்லூரியும் எனக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை. நான் முயன்றேன். எனக்கு அழவும் இல்லை, பேசவும் இல்லை, கீச்சென்றுதான் கத்தியது. வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அன்றைக்குத்தான் மறுபடி சிரித்தான்.

பிறகு அவன் அடிக்க, மற்ற பிள்ளைகள் மேசையில் தட்டி எண்ணினார்கள். அரை, கால் என்று கணக்குப் பாடத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஓர் அடிக்குள் இரண்டு அடி, நான்கு அடி எப்படி அடங்கும் என்பது கைவழியே புரிந்தது. பின்னம் என்பதைத் தோலிலும் காண முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பெற்றோர்களே, உங்களுக்குள் ஓர் அச்சம் இருப்பது எனக்குத் தெரியும். "உறுமி, கிறுமின்னு போனா பையன் கெட்ட கூட்டத்துல சேர்ந்துடுவான் டீச்சர்" என்று அம்மாமார் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த அச்சத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. தைப்பூசத்தின்போது தண்ணீர்ப்பந்தல்களில் காது கிழிய வைக்கும் ஒலிபெருக்கியையும், போதையில் ஆடும் ஆட்டத்தையும் நானும் பார்த்து வருந்தியவள்தான். ஆனால் கெடுப்பது கூட்டம், வாத்தியம் அல்ல. பையனோடு நீங்களும் போங்கள். யாரிடம் கற்கிறான், எந்த நேரம் திரும்புகிறான் என்று பாருங்கள். மேளத்தைப் பறித்துவிட்டால் பையன் வீட்டில் இருப்பான் என்று நினைக்காதீர்கள். உடல் வீட்டில் இருக்கும், மனம் வேறெங்கோ போய்விடும்.

அடுத்து, "நமக்கென்னப்பா பாட்டு" என்று சொன்ன நம் பாட்டிமார்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது என் நெஞ்சில் முள்ளாக இருக்கும் செய்தி.

2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' என்ற பாட்டு உலகம் முழுவதும் ஒலித்தது. தீ, அறிவு இருவரும் பாடியது. பிள்ளைகளெல்லாம் ஆடினீர்கள். அந்தப் பாட்டுக்குப் பின்னால் யார் இருந்தார் தெரியுமா? அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பியவர். பாட்டியிடம் கேட்ட கதைகளும் ஒப்பாரியின் ஓசையும்தான் அந்தப் பாட்டின் உயிர். நம் பாட்டிமார்களும் அதே போன்ற கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள்தாமே? அங்கே தேயிலை, இங்கே கித்தா. அங்கே லயம், இங்கேயும் லயம். பால் வெட்டப் போகும்போதும், ஆயாக் கொட்டகையில் பிள்ளையைத் தூங்க வைக்கும்போதும், இழவு வீட்டிலும் நம் பெண்கள் பாடியவை பாட்டில்லாமல் வேறென்ன?

என் பாட்டியும் தோட்டத்தில் பால் வெட்டியவர். வயதான பிறகு எங்களோடு பட்டணத்தில் இருந்தார். மாலையில் வாசலில் உட்கார்ந்து, யாரும் கேட்காதபோது, மெல்லிய குரலில் தாலாட்டு ஒன்று பாடுவார். அதில் கங்காணி வருவார், கப்பல் வரும், கரையில் நிற்கும் தாய் வருவாள். நான் கைப்பேசியை நோண்டிக்கொண்டு பக்கத்திலேயே இருப்பேன். "ஒருநாள் பதிவு செய்து வைக்கலாம்" என்று நினைத்தேன். அந்த ஒருநாள் வரவேயில்லை. பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று என் கைப்பேசியில் ஆயிரக்கணக்கான பாட்டு இருக்கிறது. உலகத்தில் எந்த மூலையில் பாடிய பாட்டும் விரலைத் தொட்டால் வருகிறது. என் பாட்டியின் பாட்டு மட்டும் எந்தப் பெட்டியிலும் இல்லை. மெட்டில் பாதி நினைவிருக்கிறது. சொல்லில் கால்வாசிகூட இல்லை.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. கித்தா போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இருந்த இடங்களில் தாமான் வீடுகள் எழுகின்றன. லயம் போனால் வேறு வீடு கட்டிக்கொள்ளலாம். அந்தப் பாட்டு போனால் திரும்பக் கட்ட முடியாது. ஆகவேதான் இதை உங்கள் முன் சொல்கிறேன்.

சரி, "டீச்சர் என்ன கேட்கிறீங்க?" என்று பிள்ளைகள் என்னைத் திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் வீட்டுப்பாடத்தையும் உங்கள் முன் வைக்கிறேன்.

காலையில் கடலைத் தாண்டும்போது நாகசுரம் கேட்கிறேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. 1956இல் மறைந்த மனிதர். ஒலிப்பதிவு பழையது, கரகரவென்று இருக்கும். பொறுமையாகப் பத்து நிமிடம் கேளுங்கள், கடல் அகலமாகத் தெரியும். அவருக்கு அடுத்து ஷேக் சின்ன மௌலானா. ஆந்திராவில் பிறந்து, திருவரங்கத்தில் வாழ்ந்து, தினமும் தொழுகையும் செய்து, கோயில் வாத்தியத்தையும் உயிராக வாசித்த முஸ்லிம் மேதை. மதத்தின் பெயரால் சண்டை போடுபவர்களுக்கு அவருடைய வாசிப்பு ஒன்றே போதிய மறுமொழி.

மாலையில் திரும்பும்போது, நாள் களைப்பாக இருந்தால், விஸ்வநாதன் ராமமூர்த்தி. 1964இல் வந்த 'புதிய பறவை' படத்துப் பாடல்களைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். எந்தெந்த வாத்தியம் ஒலிக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். விரல் போதாது. மறுநாள் பி. ரம்லி. அதற்கு மறுநாள் நாகூர் ஹனிபா. 2015இல் மறைந்த அவருடைய குரலில் ஒலிபெருக்கியே தேவையில்லாத கம்பீரம் உண்டு. சூலியா வீதியில் இருக்கும் நாகூர் தர்காவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் நினைவுக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருக்கோடிச் சீனர் காப்பிக்கடையில் டெரசா டெங் பாடுவார். தைவான் நாட்டுப் பாடகி. 1995இல் இளவயதிலேயே காலமானார். சீன மொழி எனக்கு நான்கு சொல்கூடத் தெரியாது. ஆனால் கடைக்காரம்மாவிடம், "இது என்ன பாட்டு?" என்று கேட்ட நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு நட்பு உண்டாகிவிட்டது. அந்தப் பாட்டின் பொருளை அவர் எனக்குச் சொன்னார். அவருக்குத் தெரிந்த எம்.ஜி.ஆர். பாட்டு ஒன்றை முணுமுணுத்தும் காட்டினார்! பல ஆண்டுகள் காப்பி வாங்கியும் வராத நெருக்கம், ஒரு பாட்டைப் பற்றிக் கேட்டதில் வந்தது.

இளைஞர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். ராப் என்றாலே முகம் சுளித்தவள் நான். யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பை என் தம்பி வற்புறுத்திக் கேட்க வைத்தான். நம் நாட்டுப் பையன்கள், நம் தமிழில், எதுகை மோனையைப் பிசகாமல் அடுக்கியிருக்கிறார்கள். பரணியும் சந்தப் பாட்டும் படித்த காதுக்கு அது அந்நியமாக இருக்கக் காரணமே இல்லை. தமிழ் ராப்புக்குத் தமிழகத்துக்கே வழி காட்டியவர்களில் மலேசியத் தமிழர்கள் இருக்கிறார்கள் என்பதில் நமக்குப் பெருமை வேண்டாமா?

இரவில், பாடம் திருத்தும்போது, இளையராஜா 1986இல் வெளியிட்ட ஓர் இசைத்தொகுப்பு. அதில் பாடும் சொல்லே கிடையாது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிச் செய்தது. பெயர் 'ஹவ் டு நேம் இட்'. அதாவது, இதற்கு என்ன பெயர் வைப்பது? பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் போய் ஆர்மோனியம் வாசித்தவர், 2025 மார்ச் 8ஆம் நாள், தம் 81ஆம் வயதில், லண்டன் மாநகரில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அத்தகைய மேதைக்கே எதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லையாம். எனக்கோ ஐந்தாம் ஆண்டு மாணவனின் நோட்டில் "இது பாட்டு இல்லை" என்று எழுத ஒரு நொடிகூட ஆகவில்லை! அந்தத் தொகுப்பைக் கேட்கும்போதெல்லாம் சிவப்புப் பேனாவை ஒருமுறை கீழே வைத்துவிட்டுத்தான் மறுபடி எடுக்கிறேன்.

பேச்சை முடிக்கும் முன் மூன்று வேண்டுகோள்.

முதலாவது பெற்றோர்களுக்கு. நம் வீடுகளில் இப்போது நான்கு பேர் இருந்தால் நான்கு கைப்பேசி, எட்டுக் காதிலும் செருகி. ஒரே பாயில் உட்கார்ந்து நான்கு ஊரில் இருக்கிறோம். வாரத்தில் ஒரு மாலை, ஒரே ஒரு மாலை, செருகிகளைக் கழற்றி வையுங்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போட வேண்டும். மற்றவர்கள் முடியும்வரை கேட்க வேண்டும். கேலி செய்யக் கூடாது. பிள்ளையின் பாட்டு உங்களுக்கு இரைச்சலாகத் தோன்றலாம். பொறுத்துக் கேளுங்கள். உங்கள் பாட்டைக் கேட்க அவன் காது தானாகத் திறக்கும். காதின் நலனுக்கும் இது நல்லது. குழந்தைகள் செருகியில் கேட்பதானால் 75 டெசிபல் ஒலியளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதைவிடச் சத்தமாக வைத்தால் நேரத்தை இன்னும் குறைக்க வேண்டும். எளிதாகச் சொன்னால், செருகியோடு இருக்கும் பிள்ளையைச் சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்கவில்லை என்றால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது மாணவர்களுக்கு. வாரம் ஒரு பாட்டு, நம் மொழி அல்லாத ஒரு மொழியில் கேளுங்கள். பக்கத்து வீட்டு மலாய் நண்பனிடமோ, சீனத் தோழியிடமோ, "உன் வீட்டில் என்ன பாட்டு?" என்று கேட்டு வாங்குங்கள். பதிலுக்கு ஒரு தமிழ்ப் பாட்டைக் கொடுங்கள். பலகாரம் பரிமாறிக்கொள்வதைப் போலப் பாட்டையும் பரிமாறிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நம் அனைவருக்கும். இன்றிரவே வீட்டுப் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். "நமக்கென்னப்பா பாட்டு" என்றுதான் முதலில் சொல்வார்கள். விடாதீர்கள். "தாலாட்டா இருந்தாலும் சரி, நடவுப் பாட்டா இருந்தாலும் சரி, கும்மி இருந்தாலும் சரி, பாடுங்க பாட்டி" என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், எந்தத் தோட்டம், யாரிடம் கற்றது, எந்த நாளில் பாடியது என்ற நான்கையும் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிப் பதியுங்கள். என்னிடம் கொண்டு வாருங்கள். பள்ளியில் ஒரு கணினியில் சேர்த்து வைப்போம். நான் தவறவிட்டதை நீங்கள் தவறவிட வேண்டாம்.

ஐயா, நீங்கள் பள்ளி வாசலில் நின்று கேட்டீர்களே, எதுதான் டீச்சர் பாட்டு என்று? இதோ என் பதில். யாராவது ஒருவர் மனதார வாசிக்க, இன்னொருவர் காது கொடுத்துக் கேட்டால் அது பாட்டு. உங்கள் மகன் அந்த ஒரே வரியில் எழுதியது அதுதான்: நான் அடிப்பேன், அப்பா கேட்பார். அதற்கு நான் முழு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்குவோர் பட்டியலில் அந்தப் பையனின் பெயர் இல்லை. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். ஆனால் சிறப்பு விருந்தினரை வாசலிலிருந்து அழைத்து வந்தபோது உறுமியும் தவிலும் ஒலித்ததே, கேட்டீர்களா? அவன்தான் வந்து நம் மாணவர்கள் ஐந்து பேருக்குப் பழக்கி வைத்தான். பரண்மேல் போன உறுமி கீழே இறங்கிவிட்டது.

பரிசு பெறும் மாணவமணிகளுக்கு என் பாராட்டு. பெறாதவர்களுக்கு என் அன்பு. வீட்டுக்குப் போனதும் ஒரு கேள்வியை மட்டும் மறவாதீர்கள்: நம் வீட்டில் இன்று என்ன பாட்டு?